ஜாக்ருதி இருந்த ஆண்டுகள்

டிசம்பர் 3, 2019. செவ்வாய்.

இன்று ஒரு சிறிய தவறு செய்தேன். பிராக்ஜிபாய் நகுமின் ஆறு ஆண்டு வருமானக் கணக்கைத் திருத்தித் தட்டச்சு செய்தபோது, முதல் ஆண்டின் தாளைப் படியெடுத்து மற்ற ஐந்துக்கும் ஒட்டினேன். தொகைகளை எல்லாம் கவனமாக மாற்றினேன். 'சார்ந்து வாழும் மாற்றுத்திறனாளி' என்ற இடத்தில் வயதை மாற்ற மறந்துவிட்டேன். ஆறு ஆண்டுகளிலும் ஜாக்ருதிக்கு வயது பதினாறு.

கையெழுத்துப் போட வந்த பிராக்ஜிபாய்தான் கண்டுபிடித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தாள்களை வரிசையாகப் பார்த்தார்.

"வளரவே விடல போலிருக்கே, ஊர்விபென்."

மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கணினியைத் திறந்தேன். அவர் இன்னும் கொஞ்ச நேரம் அந்தத் தாள்களைக் கையிலேயே வைத்திருந்துவிட்டுத் தயக்கத்தோடு கொடுத்தார். பதினாறிலிருந்து இருபத்தொன்று வரை திருத்தினேன். அதற்கு மேல் திருத்த ஆண்டு இல்லை.

முதலில் நிகழ்வுகள், பிறகு சட்டம் என்று மாலைச் சட்டக் கல்லூரியில் சொல்லித் தருகிறார்கள். அப்படியே எழுதிப் பார்க்கிறேன். எனக்கு எது நிகழ்வு, எது சட்டம் என்பதில் இன்னும் தடுமாற்றம் இருக்கிறது.

நிகழ்வுகள்: பிராக்ஜிபாய் ஜாம்நகரில் பித்தளைப் பாகங்கள் செய்கிறவர். மூன்று லேத், ஒரு உலை. சென்ற ஆண்டு பிப்ரவரியில் அவர் வீட்டில் வருமான வரிச் சோதனை நடந்தது. பழைய பித்தளை வாங்கியதில் கணக்கு சரியில்லை என்று யாரோ எழுதிப் போட்டிருந்தார்கள். அதில் பாதி உண்மை என்கிறார் வசாவடா சாகேப். அவர் பிராக்ஜிபாயின் வக்கீல். பகலில் நான் வேலை பார்ப்பது அவரிடம். பாதிதான் உண்மை என்றால் எங்கள் ஊரில் அது நல்ல பெயர்.

சட்டம்: சோதனை நடந்தால் துறை பின்னால் உள்ள ஆறு ஆண்டுகளைத் திறக்கும். வரி கட்டி, ரசீது வாங்கி, எல்லாரும் மறந்துபோன ஆண்டுகளும் எழுந்து உட்காரும். அவற்றுக்குக் கணக்கை மறுபடி கொடுக்க வேண்டும்.

நோட்டீஸ் வந்த அன்று மற்ற கட்சிக்காரர்கள் தலையில் கை வைப்பார்கள். பிராக்ஜிபாய் விரல் விட்டு எண்ணினாராம். "ஆறுலயும் அவ இருக்கா" என்றாராம்.

ஜாக்ருதி அவருடைய இளைய மகள். பிறந்ததிலிருந்து நடக்கவில்லை, பேசவில்லை. 2016 ஆகஸ்டில், ஜன்மாஷ்டமிக்கு இரண்டு நாள் முன்னால் இறந்தாள். இப்படி ஒரு பிள்ளையைப் பராமரிப்பவருக்கு வருமானத்தில் ஒரு தொகை கழித்துக்கொள்ள உரிமை உண்டு. அவர் ஓர் ஆண்டுகூடக் கேட்கவில்லை. மூத்தவளுக்கு மோர்பியில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். இவர்களுக்குக் கணக்கெழுதியவர் மாப்பிள்ளை வீட்டுக்கு உறவு. சின்னவள் பெயர் அவர் கையில் போக வேண்டாம் என்று முதலில் விட்டார்கள். மூத்தவள் கல்யாணமாகிப் போனபின்னும் அது அப்படியே விட்டுப்போயிற்று.

இப்போது எழுத வேண்டும் என்கிறார். ஆறு ஆண்டுக்கும் சேர்த்து மிச்சமாகும் வரி, அவர் உலைக்கு ஒரு மாதம் எரிக்கக் காணாது.

"பித்தளைக்கு அழுங்க, பிராக்ஜிபாய். இது சில்லறை" என்றார் வசாவடா சாகேப்.

"பித்தளைக்கு நீங்க அழுங்க சாகேப். அதுக்குத்தானே ஃபீஸ் வாங்குறீங்க."

டிசம்பர் 9. திங்கள்.

விசாரணை. துறையின் அலுவலகம் இருக்கும் ஊர் பஸ்ஸில் இரண்டு மணி நேரம்.

நடைவழி முழுக்கச் சிவப்புத் துணி மூட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு வீடு. மூட்டையின் மேல் வீட்டுக்காரர் பெயரும் சோதனை நடந்த தேதியும் ஒட்டியிருந்தன. நாங்கள் உட்கார்ந்த பெஞ்சுக்கு அடியில் இருந்த மூட்டைக்குள்ளிருந்து மணி அடித்தது. பதினொன்று. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், சரியாக இருந்தது.

"அது பாவ்நகர் பார்ட்டியோட கடிகாரம். பறிமுதல் ஆகி நாலு வருஷம் ஆச்சு" என்றார் பியூன்.

"பேட்டரி யார் மாத்துறாங்க?"

"மூட்டையைப் பிரிக்க யாருக்கும் அனுமதி இல்லை, பென்" என்று சொல்லிவிட்டு அவர் கொஞ்சம் வேகமாகவே போனார்.

துணை ஆணையர் டோப்ரியால் மலைநாட்டுக்காரர். மென்மையாகப் பேசுகிறார். எங்களுக்கு டீ சொன்னார். ஜாக்ருதிக்கான கோரிக்கையைப் படித்தார், சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை.

"வசாவடாஜி, சோதனை எதுக்கு நடத்துறோம்? இவர் மறைச்சதை நாங்க கண்டுபிடிக்கத்தான். இவர் மறந்ததையும் நாங்களே கண்டுபிடிச்சுக் குடுக்க ஆரம்பிச்சா, துறையை இழுத்து மூடிட்டு எல்லாரும் டேராடூன் போயிட வேண்டியதுதான்."

"ஆறு வருஷத்தையும் நீங்கதானே சாகேப் திறந்தீங்க?"

"திறந்தது நாங்க. அதனால உள்ள போறதும் நாங்க. திறந்திருக்குன்னு எல்லாரும் பின்னாலயே வந்தா எப்படி? முடிஞ்ச வருஷத்துக்குள்ள புதுசா ஒண்ணு வரணும்னா, அது சோதனையில கிடைச்சதா இருக்கணும்."

"சக்கர நாற்காலி கிடைச்சதே."

அவர் பட்டியலைப் புரட்டினார். 'சக்கரம் வைத்த நாற்காலி, ஒன்று. நகரும் தன்மையுடையது' என்று வாசித்தார்.

"நாற்காலி கிடைச்சது. அவங்க கிடைக்கல."

"அவ அதுக்கு ஒன்றரை வருஷம் முன்னாடியே போயிட்டா சாகேப்" என்றார் பிராக்ஜிபாய்.

"அதைத்தான் நானும் சொல்றேன். சோதனை அன்னைக்கு வீட்டுல இல்ல. ஒத்துக்கிறீங்க. எழுதிக்கிறேன்."

எழுதிக்கொண்டார்.

வசாவடா சாகேப் அரசு மருத்துவமனைச் சான்றிதழை நீட்டினார். ரயில் சலுகைக்காக ஒருமுறை வாங்கி, பயன்படுத்தாமலே வைத்திருந்தது. டோப்ரியால் சாகேப் அதைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"படத்துல இருக்கிறது ஆறு வயசுக் குழந்தை. நீங்க கேக்கிறது இருபத்தோரு வயசுப் பெண்ணுக்கு. ரெண்டும் ஒரே ஆள்தானான்னு பாக்கணும். நேர்ல வரச் சொல்லுங்க."

வசாவடா சாகேப் இறப்புச் சான்றிதழை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"இது இன்னும் சிக்கல் ஆச்சே. அந்த ஆஸ்பத்திரிச் சான்றிதழ்ல 'நிரந்தரக் குறைபாடு'ன்னு டாக்டர் எழுதியிருக்கார். நிரந்தரம்னா தொடரணும். 2016க்கு அப்புறம் தொடரல. அப்ப நிரந்தரம்னு எப்படிக் குடுத்தாங்க?"

கிளம்பும்போது, வீட்டில் நேரடி ஆய்வு ஒன்று நடக்கும் என்றார். பெஞ்சுக்கு அடியில் மணி பன்னிரண்டு அடித்தது.

டிசம்பர் 13. வெள்ளி.

ஆய்வாளர் கோரடியா வந்தார். வக்கீல் அலுவலகம் சார்பில் நான் போனேன்.

அந்த அறையை இன்றுதான் பார்த்தேன். கட்டில், மருந்து டப்பாக்கள், சன்னல், நாற்காலி. சோதனை அன்று கட்டிலுக்கு அடியில் பார்ப்பதற்காக நாற்காலியைத் தள்ளியிருக்கிறார்கள். பிறகு அதன் கைப்பிடியில் ஒரு சீட்டை ஒட்டி அரக்கு வைத்திருக்கிறார்கள்: அனுமதியின்றி நகர்த்தக் கூடாது. அந்த உத்தரவை நீக்க யாருக்கும் நினைவில்லை. அன்றிலிருந்து நாற்காலி சுவரைப் பார்த்தபடி நிற்கிறது.

"சன்னலைப் பாத்துதான் எப்பவும் உக்காருவா. இப்பிடிச் செவுத்தைப் பாக்க வெச்சுட்டாங்க" என்றார் பிராக்ஜிபாயின் மனைவி மஞ்சுபென். "பெருக்கும்போதுகூடச் சக்கரத்துல விளக்குமாறு படாம பாத்துக்கிறேன். நகந்துட்டா கேஸ் ஆயிடுமாமே."

அவர் அந்த அறையில் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். நானும் தாழ்த்தினேன். கோரடியாவும் தாழ்த்தினார், ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது. மஞ்சுபென் டீ போட அடுப்படிக்குப் போனார்.

"பென், இது நிஜமாவே முடியாதவங்க நாற்காலிதானான்னு நான் ரிப்போர்ட் குடுக்கணும். உக்காந்து பாக்கணும்."

"அரக்கு வெச்சிருக்கே" என்றேன்.

"அரக்கு உங்களுக்கு. எனக்கில்ல."

உட்கார்ந்தார். கால் பலகையில் கால்களை வைத்துக்கொண்டார். முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் ஓட்டினார். சக்கரம் கிறீச்சிட்டதும் அடுப்படியில் பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. மஞ்சுபென் ஓடி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாற்காலியில் இருப்பது கோரடியா என்று பார்த்த பிறகும் அவர் கை கதவிலிருந்து வரவில்லை.

கோரடியா எழுந்து, அங்கேயே நின்று எழுதினார். எனக்கு ஒரு பிரதி கொடுத்தார். 'நாற்காலியில் நேரில் அமர்ந்து பார்த்தேன். நன்றாக ஓடுகிறது. அமர்ந்திருந்த நேரத்தில் எனக்கு எந்தக் குறைபாடும் ஏற்படவில்லை. வேறு யாரும் அமர்ந்ததற்கான அறிகுறி தற்போது இல்லை.'

மஞ்சுபென் அவருக்கு டீயும் உலர் கச்சோரியும் கொடுத்தார். ஒரு பொட்டலம் கட்டியும் கொடுத்தார். அவர் போன பிறகு ஏன் என்று கேட்டேன்.

"எறங்குறப்ப நாற்காலியைச் சன்னல் பக்கமா விட்டுட்டுப் போயிருக்கார், பாரு" என்றார்.

டிசம்பர் 17. செவ்வாய்.

இரண்டாம் விசாரணை. எல்லாவற்றையும் சரியாகக் குறித்தேனா என்று சந்தேகமாக இருக்கிறது. நடுவில் என் பேனா நின்றுவிட்டது.

முதலில் குங்குமம். தீபாவளிக்கு எங்கள் ஊரில் கணக்குப் புத்தகத்துக்குப் பூசை செய்வோம். பிராக்ஜிபாயின் புத்தகங்கள் சிவப்பு மூட்டையில் இருப்பதால், பறிமுதல் ரசீதை மணையில் வைத்துக் குங்குமமிட்டு, அரிசி தூவி, லட்சுமிக்கு விளக்குக் காட்டியிருக்கிறார்கள். அந்த ரசீதைத்தான் இன்று கொண்டுபோனோம்.

"துறையின் ஆவணத்துல சிவப்பா என்ன இது?"

"பூசை பண்ணோம் சாகேப்."

டோப்ரியால் சாகேப் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் கொஞ்சம் மலர்ந்ததுபோல் இருந்தது. "இவ்வளவு வருஷ சர்வீஸ்ல எங்க கையெழுத்தை யாரும் கும்பிட்டதில்ல" என்றார். பிறகு, "ஆனா இது ஆவணச் சிதைவு" என்று எழுதிக்கொண்டார்.

அதன் பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். பிராக்ஜிபாயின் பழைய கைப்பேசியைத் துறை எடுத்துப் போயிருந்தது. அதிலிருந்த குரல் செய்திகளைக் கணினியில் ஏற்றியிருந்தார்கள்.

"ஜாக்ருதிங்கற பேருக்காக வருஷக்கணக்கா ரொக்கம் வெளிய போயிருக்கு. கணக்குல இல்ல. கேளுங்க."

பிராக்ஜிபாயின் குரல் வந்தது, கொஞ்சம் இளைய குரல்: "ராமீபென், ஜாகுவுக்குப் பெரிய சைஸ் டயப்பர் ரெண்டு பாக்கெட் வாங்கிருங்க. ராத்திரி பாத்துக்கிட்டதுக்கும் சேத்து சாயங்காலம் காசு தர்றேன்."

"யார் இந்த ராமீபென்?"

"ஜாக்ருதியைப் பாத்துக்கிட்டவங்க."

"ஆக, செலவு பண்ணது உண்மை."

"உண்மை சாகேப்."

"அப்ப இது கணக்கில் வராத செலவு. ஆறு வருஷத்துக்கும் வருமானத்தோட கூட்டிடலாம்."

வசாவடா சாகேப் நாற்காலி விளிம்புக்கு வந்தார். "சாகேப், செலவுக்கு ஜாக்ருதி இருக்கா, கழிவுக்கு இல்லையா?"

"கூட்டுறதுக்கு ஆதாரம் சோதனையில கிடைச்சிருக்கு, வசாவடாஜி. கழிக்கிறதுக்குக் கிடைக்கல. அந்தப் பெண் இருந்தாளா இல்லையான்னு நான் எதுவும் சொல்லல. அது என் அதிகாரத்துல வராது. எந்தப் பிரிவுல இருந்தாங்கிறதுதான் என் கேள்வி."

அடுத்த செய்தியைப் போட்டார். அதில் பிராக்ஜிபாய் மருந்துக் கடைக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு சத்தம். பேச்சில்லை, தொண்டையில் தொடங்கி மேலே ஏறி, சிரிப்பாக ஆகப் போவதுபோல் போய் நின்றது. அந்த அறையில் ஒரு பெண் எங்களுக்குப் பின்னால் நிற்பதுபோல் இருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். டோப்ரியால் சாகேபும் கதவைப் பார்த்தார்.

"கூட இருக்கிறது யாரு? கூட்டாளியா?"

பிராக்ஜிபாய் தலையைச் சாய்த்தார். "சரியா கேக்கல சாகேப். இன்னொரு தடவை போடுங்க."

போட்டார்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா."

போட்டார். வெளியே டைப் அடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"இன்னொரு தடவை சாகேப்."

அந்தக் குரல் அவரிடம் வேறெங்கும் இல்லை. கைப்பேசியோடு போய்விட்டது. வசாவடா சாகேபுக்கு அது அப்போதுதான் புரிந்தது என்று நினைக்கிறேன். அவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். டோப்ரியால் சாகேப் எழுதினார். வாசித்தும் காட்டினார்: 'தெளிவாகக் கேட்கும் ஒலியைக் கேட்கவில்லை என்று சொல்லி வரி செலுத்துநர் காலம் கடத்தினார்.'

"கடைசியா ஒரு கேள்வி. இந்த ஜாக்ருதி உங்க மகதான்னா, இத்தனை வருஷம் ஏன் சொல்லல?"

"பெரியவளுக்குக் கல்யாணம் ஆகணும்னு மறைச்சோம்."

"மறைச்சீங்க."

"மறைச்சேன். பெண் பாக்க வந்த அன்னைக்கு ராமீபென் வீட்டுக்கு அனுப்பிட்டேன். அங்க அழுதுக்கிட்டே இருந்தாளாம்."

"மறைச்சதுக்கு அபராதம் உண்டு." அவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். "வருமானத்தை மறைச்சா ஒரு பிரிவு. சொத்தை மறைச்சா ஒரு பிரிவு. இது எதுல வரும்னு பாக்கணும்."

"எதுலயாவது போடுங்க சாகேப்" என்றார் பிராக்ஜிபாய்.

அவர் குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தானோ என்னவோ, டோப்ரியால் சாகேப் புத்தகத்தை மூடிவிட்டார்.

டிசம்பர் 18. புதன்.

வகுப்பில் கேட்டேன்: ஒரே ஆள் ஒரு பிரிவில் இருந்தும் இன்னொரு பிரிவில் இல்லாமலும் இருக்க முடியுமா?

பேராசிரியர், "சட்டம் ஒருத்தரை இருக்கிறதா கருதலாம், இல்லாததாவும் கருதலாம்" என்றார்.

"அந்த ஆள் என்ன செய்யணும் சார்?"

"எந்த ஆள்?"

பின்பெஞ்சில் சிரித்தார்கள். பரீட்சைக்கு வராது என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போனார்.

டிசம்பர் 31. செவ்வாய்.

ஆணைகள் வந்தன. இன்றோடு கெடு முடிகிறது என்பதால் துறை ஊர் முழுவதற்கும் ஒரே நாளில் ஆணை அனுப்பியிருக்கிறது. நமக்கு ஆறு, ஆண்டுக்கு ஒன்று. ஆறிலும் ஒரே வாசகங்கள்.

பத்தி ஏழு: 'ஜாக்ருதி என்பவருக்காக, அவருடைய உணவு, மருந்து, பராமரிப்பு ஆகியவற்றுக்காக, வரி செலுத்துநர் இவ்வாண்டு முழுவதும் இடைவிடாது செலவு செய்துவந்தார் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகிறது.' எனவே கூட்டப்படுகிறது.

பத்தி ஒன்பது: 'ஜாக்ருதி என்று ஒருவர் இவ்வாண்டில் வரி செலுத்துநரைச் சார்ந்து வாழ்ந்தார் என்பதற்குச் சோதனையில் ஆதாரம் கிடைக்கவில்லை.' எனவே மறுக்கப்படுகிறது.

கடைசி ஆண்டின் ஆணையிலும் 'ஆண்டு முழுவதும்' என்றே இருக்கிறது. ஆகஸ்டோடு நிறுத்தவில்லை. அங்கேயும் யாரோ படியெடுத்து ஒட்டியிருக்கிறார்கள்.

பித்தளைக்குத் தனியாகப் பெரிய தொகை. ஜாக்ருதிக்காகக் கூட்டியதன் மீதான வரி, வட்டியோடு, ஒரு லேத்தின் விலை.

ஜனவரி 20, 2020. திங்கள்.

மேல்முறையீட்டை வசாவடா சாகேப் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தேன். பித்தளைக்கு எட்டு வாதங்கள். ஒன்பதாவது: 'ஜாக்ருதி என்று எவரும் இருந்ததாகத் துறை நிறுவவில்லை. யாரோ ஒருவரின் பெயர் ஒலிப்பதிவில் கேட்பதால் மட்டும் செலவு நடந்ததாகக் கொள்ள முடியாது.'

"சார், ஜாக்ருதிக்குக் கழிவு கேட்டோமே?" என்றேன்.

"அதை விட்டுட்டேன். ரெண்டையும் ஒண்ணா வாதாட முடியாது. கழிவு சில்லறை, கூட்டினது பெருசு. அவங்களோட ஒன்பதாவது பத்தியை எடுத்து அவங்க ஏழாவது பத்தி மேலயே வீசுறோம். நிச்சயமா ஜெயிப்போம்."

பிராக்ஜிபாய் சாயங்காலம் வந்தார். ஆங்கிலத்தில் இருந்ததால் நம் பேச்சில் வாசிக்கச் சொன்னார். எட்டு வரைக்கும் தலையாட்டினார். ஒன்பதை நான் வாசித்து முடித்ததும் தண்ணீர் கேட்டார். குடிக்கவில்லை.

"இதை எடுத்துருங்க சாகேப்."

"இதுலதான் ஜெயிக்கவே போறோம்!"

"பித்தளைக்கு ஜெயிங்க. இது வேண்டாம்."

"பிராக்ஜிபாய், சும்மா ஒரு வாதம். கோர்ட்டுக்குச் சொல்றது. நிஜமா இல்லன்னு யார் சொல்றா?"

"நான் கையெழுத்துப் போடணும்ல?"

வசாவடா சாகேப் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "கேக்காம விட்டா அந்த ஆணை அப்படியே நின்னுரும். வரியைக் கட்டணும். லேத்தை விக்கணும்."

"மஞ்சு கிட்ட பேசிட்டேன். மூணுல ஒண்ணு போனா ரெண்டு இருக்கு." அவர் ஆணையை எடுத்து ஏழாம் பத்தியில் விரலை வைத்தார். அந்த எழுத்து அவருக்குப் படிக்க வராது; இடம் தெரிந்திருந்தது. "அவளுக்குச் சோறு போட்டேன், மருந்து குடுத்தேன், ஒரு நாள் விடாம பாத்துக்கிட்டேன்னு சர்க்கார் எழுதியிருக்கு. முத்திரை வெச்சு எழுதியிருக்கு. நான் ஒரு தடவைகூட எழுதலையே சாகேப்."

"அந்தச் செலவு கணக்குல வரலன்னு சொல்லித்தான் அவங்க வரி போட்டிருக்காங்க, பிராக்ஜிபாய்."

"போடட்டும்."

வசாவடா சாகேப் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, கையை மட்டும் அசைத்தார். ஒன்பதாவது வாதத்தை அழித்தேன். எட்டோடு நின்றது. ஒரு கட்சிக்காரர் ஜெயிக்கும் வாதத்தை அழித்தது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. மாலை வகுப்பில் கேட்கப் போவதில்லை.

பிராக்ஜிபாய் எல்லாத் தாள்களிலும் கையெழுத்துப் போட்டார்.

நாளை: பத்தரைக்கு வங்கி. பித்தளையை விட்டுவிட்டு, ஜாக்ருதிக்காகக் கூட்டியதற்கு மட்டும் ஆறு சலான், ஆண்டுக்கு ஒன்றாகக் கட்ட வேண்டும். பிறகு ஆணைகளின் சான்றிட்ட நகல் கேட்டு விண்ணப்பம். பக்கத்துக்கு இவ்வளவு என்று கட்டணம். ஏழாம் பத்தி உள்ள பக்கம் மட்டும் போதுமா, முழு ஆணையும் வேண்டுமா என்று பிராக்ஜிபாயைக் கேட்க வேண்டும்.